வேலூர் மலைமேல இருக்கிற கோட்டை சிவாஜி காலத்துதா? ராய்கட் போயிட்டு வந்த சந்தேகம்

கொசப்பேட்டைக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் வேலூர், கொசப்பேட்டை. நாலு வருஷமா புனேவில் வேலை. போன வாரம் ஆபீஸ் நண்பர்கள் அஞ்சு பேரோட ராய்கட் மலைக்கோட்டைக்குப் போயிருந்தேன். ரோப் கார் இருக்கு. ஆனா கூட வந்த மராட்டிப் பசங்க படியேறித்தான் போகணும்னு ஒரே பிடிவாதம். ஏறினோம், ரெண்டரை மணி நேரம்.

மகா தர்வாஜான்னு பெரிய வாசல். ரெண்டு பக்கமும் உருண்டைக் கொத்தளம். ரொம்பக் கிட்ட போற வரைக்கும் அங்கே வாசல் இருக்குன்னே கண்ணுக்குப் படலை. மேலே ஜகதீஸ்வரர் கோயில். அந்தக் கோயில் படிக்கல் ஒண்ணுல எழுத்து வெட்டியிருக்கு. "சேவைக்கு எப்போதும் தயாராக ஹிரோஜி இந்துல்கர்"னு அர்த்தமாம். கோட்டையைக் கட்டின ஆள் அவர். சாமி கும்பிட வர்றவங்க கால் தூசி தன் பேர்மேல விழட்டும்னு படியிலேயே வெட்டிக்கிட்டார்னு சொன்னாங்க. மிதிக்க மனசு வரலை, தாண்டித்தான் போனேன்.

அங்க உட்கார்ந்து கட்டுசோறு சாப்பிடும்போது, புதுசா டீமுக்கு வந்த ஒரு பையன் என் ஊர் எதுன்னு கேட்டான். வேலூர்னேன். வேலூர்னா எல்லாரும் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத்தான் கேட்பாங்க. இவன் டக்குனு "சாஜரா, கோஜரா!"ன்னான். எனக்கு ஒண்ணும் புரியலை. "உங்க ஊர் மலையில எங்க மகாராஜா கட்டின ரெண்டு கோட்டை. உனக்குத் தெரியாதா?"ன்னு கேட்டான். தெரியாதுன்னு சொல்ல ரொம்பக் கூச்சமா இருந்தது. எங்க வீட்டு மொட்டை மாடியில நின்னா எதிர்ல மலைதான். இருபத்திரண்டு வருஷம் அதைப் பார்த்துக்கிட்டே வளர்ந்தவன் நான்.

அவன் சொன்னது நிஜமா? ராய்கட்ல இருந்து ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி நம்ம ஊர்ல வந்து மலைமேல கட்ட அவருக்கு என்ன தேவை? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாலாற்றங்கரை எழுதியது:

அதெல்லாம் ஆற்காட்டு நவாப் காலத்துக் கோட்டைங்க. முர்தஜா அலி பேர்லயே ஒண்ணு இருக்கு. 1742ல சஃப்தர் அலி நவாபைக் கொன்ன அதே முர்தஜா அலி. சிவாஜி வந்தது செஞ்சிக்கு. வேலூருக்கும் மராட்டியருக்கும் பெரிசா சம்பந்தம் இல்லை.

நடத்துனர் (ஓய்வு), வேலப்பாடி எழுதியது:

தம்பி, உங்க நண்பர் சொன்னது சரி. பாலாற்றங்கரை நண்பர் சொன்னதில் பாதி சரி. டவுனுக்குக் கிழக்கே இருக்கிற மலையில மொத்தம் மூணு கோட்டை. அதுல ஒண்ணு முர்தஜாகட். மத்த ரெண்டும் சஜ்ஜாராவ், குஜ்ஜாராவ்னு வெள்ளைக்காரன் ரிக்கார்டுல ஏறிப்போச்சு. அதைப் படிக்கிறவங்க ராவ் பட்டம் போட்ட ரெண்டு மனுஷங்க பேர்னு நினைச்சுக்குவாங்க. நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நினைச்சேன். அது சாஜரா, கோஜரா. மராட்டியில சாஜிரா கோஜிரான்னு ஜோடியாச் சொன்னா அழகானது, செல்லமானதுன்னு பொருள். நம்ம வீட்டுல குழந்தையை ராஜாத்தி, தங்கம்னு கொஞ்சறோமே, அந்த மாதிரி. முர்தஜா அலிக்கு அறுபது வருஷத்துக்கு முன்னாடியே, சண்டைக்குன்னு அவசரமா கட்டின ரெண்டு கோட்டைக்குக் கொஞ்சல் பேரு வெச்சிருக்காங்க. இதைத் தெரிஞ்சுக்கிட்ட அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

நான் இருபத்தொன்பது வருஷம் பஸ்ல டிக்கெட் கிழிச்சவன். அதுல பதினோரு வருஷம் வேலூர்–திண்டிவனம் வண்டி. ஆரணி, சேத்துப்பட்டு, செஞ்சின்னு தினம் கத்திக் கத்தி அந்த ஊர் பேரெல்லாம் நாக்குலயே ஒட்டிக்கிச்சு. ரிடையர் ஆனதும் நூலகத்துல உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். அப்பதான் தெரிஞ்சது, நான் விசில் ஊதிப் போய்வந்த ரோட்டோரத்து ஊர்ங்கதான் மராட்டிய ராஜ்ஜியத்தையே ஒன்பது வருஷம் காப்பாத்தின ஊர்ங்கன்னு. அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

1674 ஜூன் 6ம் தேதி ராய்கட்ல சிவாஜிக்குப் பட்டாபிஷேகம். 1677ல கோல்கொண்டா சுல்தானோட உடன்படிக்கை பண்ணிக்கிட்டு தெற்கே வர்றார். செஞ்சி அப்போ பீஜப்பூர் சுல்தான் கையில. அந்தக் கோட்டை பெரிய முற்றுகை எதுவும் இல்லாமலே அவர் கைக்கு வந்துடுது. அடுத்தது வேலூர். இங்கேயும் பீஜப்பூர் ஆள்தான், அப்துல்லா கான்னு ஒரு ஹப்ஷித் தளபதி, அதாவது ஆப்பிரிக்க வம்சாவளி. அவர் வாசலைத் திறக்கலை.

ஏன் திறக்கணும்? நம்ம வேலூர்க் கோட்டை லேசுப்பட்டதா? சின்ன பொம்மு நாயக்கர் காலத்துக் கட்டு. சுத்தி ஆழமான அகழி. மராட்டியர் எழுதிவெச்ச பழைய வரலாற்றுல அகழி பூரா முதலைன்னும், மதில்மேல ரெண்டு வண்டி பக்கத்துப் பக்கத்துல போகலாம்னும் மலைச்சுப்போய் எழுதியிருக்காங்க. மலைக்கோட்டையிலேயே பொறந்து வளர்ந்த ஜனங்க அவங்க. அவங்களே ஒரு தரைக்கோட்டையைப் பார்த்து மலைச்சாங்கன்னா யோசிச்சுப் பாருங்க.

அதுக்கு அவங்க கண்ட வழிதான் அந்த மலை. தண்ணியைத் தாண்ட முடியலையா, தலைக்கு மேல ஏறு. ரெண்டு கோட்டை கட்டி, பீரங்கியை மேலே ஏத்தி, கீழே இருக்கிறவங்களை அடிச்சாங்க. சிவாஜி இங்கேயே உட்கார்ந்திருக்கலை, அதையும் சொல்லிடணும். படையை விட்டுட்டு தெற்கே கொள்ளிடம் வரைக்கும் போயிட்டார். அதுக்கப்புறம் ஊருக்கே திரும்பிட்டார். அவர் ஆளுங்க மட்டும் விடாம 14 மாசம் இருந்தாங்க. உள்ளே பசியும் நோயும். 1678 நடுவுலதான் அப்துல்லா கான் கோட்டையை ஒப்படைச்சார். அதனால "சிவாஜி கட்டினது"ங்கறதைவிட "சிவாஜி படை கட்டினது"ன்னு சொல்றதுதான் நியாயம். நம்ம மலையில கல் தூக்கினவங்களோட பேரை எந்தப் படியிலயும் யாரும் வெட்டிவைக்கலை. நீங்க ஹிரோஜி படியைப் பத்தி எழுதினதைப் படிச்சதும் எனக்கு அதுதான் தோணுச்சு.

1983ல ஒரு ரெஸ்ட் நாள்ல, கூட வேலை பார்த்த டிரைவர் ஒருத்தரும் நானும் நம்ம வேலூர் சைதாப்பேட்டைப் பக்கமா ஏறினோம். பாதைன்னு ஒண்ணும் இல்லை. கருங்கல் உருண்டை, நடுவுல சப்பாத்திக்கள்ளி, முள்ளு. மேலே போனதும் மதில். அடியில பெரிய கல்லு, மேல செங்கல்லு, சுண்ணாம்புக் காரை. காரையில விரலை வெச்சு அழுத்திப் பார்த்தேன், உதிரவே இல்லை. திரும்பிக் கீழே பார்த்தா கோட்டை மொத்தமும் தாம்பாளத்துல வெச்ச மாதிரி இருக்கு. நாலு பக்க அகழித் தண்ணியும் வெயில்ல பளபளன்னு. ஜலகண்டேஸ்வரர் கோபுரம். மைதானத்தைக் குறுக்கே கடந்துபோன ஒருத்தரோட வெள்ளைச் சட்டைகூட புள்ளியா நகர்ந்தது தெரிஞ்சது. டிரைவர் சொன்னார், "இங்கே நிக்கிறவனுக்குக் கீழே இருக்கிறவன் ஒளிய இடமே இல்லைப்பா"ன்னு. அந்த 14 மாசத்துக்கு அதுக்குமேல விளக்கம் வேண்டியதில்லை.

இது தெரிஞ்சதாலதான் பின்னாடி வந்தவங்க யாரும் அந்த மலையை விடலை. 1780, 81ல ஹைதர் அலி வேலூரை வளைச்சப்ப முதல்ல பிடிக்கப் பார்த்ததே அந்தச் சாஜராவைத்தான். மேலே இருந்த சின்னக் கூட்டம் விட்டுக்கொடுக்கலை. அதனால கீழ்க்கோட்டை பிழைச்சுது.

இப்போ உங்க முக்கியமான கேள்வி, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி எதுக்கு? 1680 ஏப்ரல்ல சிவாஜி ராய்கட்ல இறந்துட்டார். 1689ல அவர் மூத்த மகன் சம்பாஜியை அவுரங்கசீப் பிடிச்சுக் கொன்னுட்டார். அந்த வருஷமே ராய்கட்டும் போச்சு. சம்பாஜியோட மனைவி ஏசுபாயும் சின்னப் பையன் ஷாஹுவும் கைதி. தலைநகரம் இல்லை, ராஜா இல்லை. இளைய மகன் ராஜாராம் மட்டும் மாறுவேஷத்துல தப்பிச்சு தெற்கே ஓடிவர்றார். எந்த வழியா? கர்நாடகத்துக் கெளடி ராணி சென்னம்மா நாட்டு வழியா, பெங்களூர், ஆம்பூர், வேலூர், அப்புறம் செஞ்சி. ஆம்பூரும் வேலூரும் அப்போ மராட்டியர் கையில இருந்ததால உயிர் தப்பினார். செஞ்சியில உட்கார்ந்து தர்பார் நடத்தினார். ராய்கட்டைப் பிடிச்சதுக்காக சுல்ஃபிகார் கான்னு பட்டம் வாங்கினாரே ஒரு மொகலாயத் தளபதி, அவரையே அவுரங்கசீப் செஞ்சிக்கு அனுப்பினார். ஒரு கோட்டையைப் பிடிச்ச பேரோட வந்த ஆள், இந்தக் கோட்டை முன்னாடி ஏழெட்டு வருஷம் நின்னார். 1693ல சோறு தண்ணி கிடைக்காம வந்தவாசிக்குப் பின்வாங்கவேண்டி வந்தது. கடைசியில 1698ல செஞ்சி விழுந்தது. அதுக்குள்ள ராஜாராம் வெளியே போயிட்டார், போனதும் வேலூருக்குத்தான். வேலூர் அதுக்கப்புறமும் சில வருஷம் மராட்டியரோடயே இருந்து, மொகலாயத் தளபதி தாவூத் கான் கைக்குப் போச்சு.

வந்த வழியும் வேலூர், போன வழியும் வேலூர். அந்த 14 மாசம் மலைமேல கிடந்து அந்த ஜனங்க பட்ட பாடு பதினோரு வருஷம் கழிச்சு அவங்க ராஜா உயிரைக் காப்பாத்துச்சு. 2025 ஜூலையில யுனெஸ்கோ மராட்டிய ராணுவ நிலப்பரப்புன்னு 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சாங்க. 11 மகாராஷ்டிராவில, பன்னிரண்டாவது நம்ம செஞ்சி. ராய்கட்டும் செஞ்சியும் ஒரே பட்டியல்ல சேர்ந்த அன்னைக்கு எங்க தெருவுல எல்லாருக்கும் சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன்.

ஆரணி நெசவு எழுதியது:

அண்ணா, கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஆரணி பேரைச் சொன்னீங்களே, அதுக்காக நானும் ரெண்டு வார்த்தை. எங்க ஊர் ஜாகீரும் மராட்டிய வம்சம்தான். வேதாஜி பாஸ்கர் பந்த்னு ஒருத்தருக்குப் பீஜப்பூர் காலத்துலயே, சிவாஜியோட அப்பா ஷாஜி இங்கே அதிகாரம் பண்ணினப்ப கிடைச்சது. சிவாஜி வந்தப்பவும் அவங்ககிட்டயே விட்டுட்டார். சத்தியவிஜயநகரத்து அரண்மனை, பூசிமலைக்குப்பம் கண்ணாடி மாளிகை எல்லாம் அந்த ஜாகீர்தார்கள் கட்டினது. பூசிமலைக்குப்பத்து மாளிகை காட்டுக்குள்ள பாழடைஞ்சு நிக்குது. சின்ன வயசுல சுள்ளி பொறுக்கப் போகும்போது உள்ளே போய் எட்டிப் பார்ப்போம். தரையெல்லாம் ஆல வேரு.

ஒரு சந்தேகம். எங்க தாத்தா தெருக்கூத்துல தேசிங்கு ராஜா வேஷம் கட்டினவர். செஞ்சின்னா எங்களுக்கு தேசிங்குதான். அவர் மராட்டியரா? ஊர்ல ரொம்பப் பேர் அப்படித்தான் சொல்றாங்க.

நடத்துனர் (ஓய்வு), வேலப்பாடி எழுதியது:

இல்லம்மா, தேசிங்கு பந்தேலா ராஜபுத்திரர், தேஜ் சிங். மராட்டியர் போனப்புறம் மொகலாயர் சார்புல செஞ்சிக்கு வந்த சொரூப் சிங்கோட மகன். 1714ல ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோட சண்டை போட்டு சின்ன வயசுலயே செத்தார். அவர் மனைவி உடன்கட்டை ஏறினாங்க. அந்தப் பொண்ணோட நினைவா நவாப் உண்டாக்கின ஊர்தான் ராணிப்பேட்டை. தினம் அந்தப் பேரைச் சொல்றவங்களுக்கு அதுல ஒரு சின்னப் பொண்ணு இருக்கறது ஞாபகம் வர்றதில்லை. தாத்தா கட்டின வேஷம் பெரிய வேஷம்மா. மராட்டியர் இல்லைங்கறதால அதுக்கு ஒரு குறைவும் கிடையாது.

கொசப்பேட்டைக்காரன் எழுதியது:

ஐயா, எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். அப்புறம் அந்த நண்பனுக்கு இந்தியில சொல்லிச் சொல்லி மொழிபெயர்த்தேன். ராஜாராம் வேலூர் வழியாத் தப்பினது அவனுக்கே புதுசு.

இன்னொண்ணு கேட்கணும். ராய்கட் மேல கங்காசாகர்னு பெரிய ஏரி இருக்கு, சரி. நம்ம மலையில பச்சையே இல்லையே. "தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை"ன்னு ஊரைப் பத்தி பாட்டி சொல்லும். அவ்வளவு மொட்டைப் பாறையில அத்தனை பேர் எப்படி இருந்தாங்க?

நடத்துனர் (ஓய்வு), வேலப்பாடி எழுதியது:

பாட்டி சொன்னதுல "சாமியில்லாத கோயில்"ங்கறதை அடிச்சிடலாம் தம்பி. 1981ல ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள்ள திரும்பி வந்துட்டார்.

தண்ணி விஷயம் நல்ல கேள்வி. ராஜாராம் செஞ்சியில இருந்த காலத்துல மகாராஷ்டிராவுல நாட்டைத் தாங்கிப் பிடிச்சவர் ராமச்சந்திர பந்த் அமாத்தியர். அவர் பின்னாடி ஆக்ஞாபத்திரம்னு ஒண்ணு எழுதினார், ராஜ்ஜியம் எப்படி நடத்தணும்னு. அதுல கோட்டை கட்டறதுக்கு முன்னாடி முதல்ல தண்ணியைப் பாருன்னு இருக்கு. தண்ணி இல்லாத இடத்துல கட்டியே ஆகணும்னா பாறையை உடைச்சுத் தொட்டி எடு. ஒரு ஊத்து இருக்குன்னு சும்மா இருந்துடாதே, சண்டை நேரத்துல வெடி அதிர்ச்சியில அது வத்திப்போகலாம்னு எழுதியிருக்கார். கோட்டையிலேயே வாழ்க்கை பூரா கழிச்ச ஒருத்தரோட பயம் அது. எங்க மலையிலயும் பாறைக் குழியில மழைத்தண்ணி நிக்கிற சுனை உண்டு. 1983ல நாங்க பார்த்தப்ப தண்ணி மேல பச்சைப் பாசி, ஓரத்துல ஒரு தவளை. சுனைக்குப் பக்கத்துல பாறையில உளி அடிச்ச தடம் வரிசையா இருந்தது. இயற்கையா இருந்த குழியை யாரோ இன்னும் ஆழமா வெட்டியிருக்காங்க.

இன்னொண்ணும் சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். மராட்டியக் கோட்டையில அதிகாரம் ஒருத்தர்கிட்ட இருக்காது. சாவி ஹவல்தார்கிட்ட. ஆள் கணக்கு, வரவு செலவு சப்னிஸ்கிட்ட. தானியம், வெடிமருந்து கார்கானிஸ்கிட்ட. மூணு பேரும் மூணு ஜாதியாப் பார்த்துப் போடுவாங்க, ஒண்ணு சேர்ந்துடக்கூடாதுன்னு. ஒருத்தர் லஞ்சம் வாங்கினாலும் கோட்டையை விக்க முடியாது. பஸ்ல ஸ்டியரிங் ஒருத்தர், பணம் ஒருத்தர், நடுவழியில ஏறுற செக்கிங் ஒருத்தர். அதே ஏற்பாடு. நான் அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது தோள்ல பை மாட்டியிருக்கிற மாதிரியே இருந்தது.

பாலாற்றங்கரை எழுதியது:

நான் அவசரப்பட்டு எழுதிட்டேன், மன்னிக்கணும் ஐயா. முர்தஜா அலி பேர் தெரியும், அதுக்கு முன்னாடி என்னன்னு யோசிச்சதே இல்லை. அடுத்த ஞாயிறு பையனோட ஏறலாம்னு இருக்கேன். எப்படிப் போகணும்?

நடத்துனர் (ஓய்வு), வேலப்பாடி எழுதியது:

மன்னிப்பெல்லாம் எதுக்குங்க. விடிகாலை அஞ்சரைக்கு அடிவாரத்துல இருங்க. எட்டு மணிக்கு மேல அந்தப் பாறை தோசைக்கல்லு. ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, செருப்பு வேண்டாம், ஷூ போடுங்க. தனியா போகாதீங்க, அடிவாரத் தெருப் பசங்க ஒருத்தரைக் கூட்டிக்குங்க, அவங்களுக்குத்தான் முள்ளு இல்லாத வழி தெரியும். சுனைத் தண்ணியைக் குடிக்காதீங்க. பையன் மதில்மேல ஏறக் கேட்பான், விடாதீங்க. அவனுக்கு அடி படும்ங்கறது ஒண்ணு. ஒரு கல்லு பெயர்ந்தா திரும்ப வைக்க ஆள் கிடையாதுங்கறது இன்னொண்ணு.

கொசப்பேட்டைக்காரன் எழுதியது:

ஐயா, நேத்து அம்மாவுக்குப் போன் பண்ணினேன். சாஜரா கோஜரான்னா தெரியுமான்னு கேட்டேன். "அது கோட்டமலைடா, வேற என்ன பேரு"ன்னாங்க. மொட்டை மாடிக்குப் போய் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். காலையில ஏழு மணிக்கே எடுத்து அனுப்பிட்டாங்க. முன்னாடி துணி காயுது, கொடியில தம்பியோட யூனிஃபார்ம், பின்னாடி மலை. பெரிசு பண்ணிப் பார்த்தா உச்சியில ஒரு கோடு. சின்ன வயசுல அதைப் பாறை வெடிப்புன்னுதான் நினைச்சிருந்தேன். மதிலா அது? படம் ரொம்ப இருட்டா இருக்கு. எது சாஜரா, எது கோஜரான்னு அம்புக்குறி போட்டுத் தர முடியுமா? நண்பனும் பக்கத்துல உட்கார்ந்து கேட்கறான்.

நடத்துனர் (ஓய்வு), வேலப்பாடி எழுதியது:

தாராளமா போட்டுத் தரேன் தம்பி. ஆனா காலையில எடுத்த படம் உதவாது. மலை கிழக்கே இருக்கு, சூரியன் அதுக்குப் பின்னாடி நிக்கும், மதில் கறுப்பாத்தான் விழும். சாயங்காலம் நாலரை மணிக்கு மேல, மேற்கு வெயில் மலைமேல நேரா அடிக்கும்போது அம்மாவை இன்னொண்ணு எடுக்கச் சொல்லுங்க. துணியை எடுத்துட்டு எடுக்கச் சொல்லுங்க.